மெட்ரோ திட்டத்தின் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது? ஒப்புதல் நடைமுறையைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நாள் 2024 அக்டோபர் 3. இடைப்பட்ட காலத்தில் ஒப்பந்தங்கள் வழங்கப்பட்டன, தூண்கள் எழுந்தன, மாதவரத்தில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் மண்ணுக்குள் இறங்கியது. ஒப்புதல் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வேலை எப்படித் தொடங்கியது என்று புதிதாக இத்துறையைக் கவனிப்பவர்கள் குழம்புவது இயல்பே. ஒரு பெரிய போக்குவரத்துத் திட்டம் ஒரே ஒரு கையெழுத்தில் நிறைவேறுவதில்லை. ஒவ்வோர் அலுவலகமும் தனக்குரிய ஒரு கேள்வியை மட்டும் கேட்டு, அதற்கு மட்டும் பதில் பெற்று, கோப்பை அடுத்த மேசைக்கு அனுப்புகிறது. எனவே 'திட்டத்துக்கு ஒப்புதல்' என்று செய்தியில் படிக்கும்போது, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, அதனோடு பணம் வருகிறதா என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தம் தெருவில் அளவைக் கல் நடப்படுவதைக் கண்ட குடியிருப்போர், இத்துறைச் செய்திகளை எழுதத் தொடங்கியிருக்கும் இளம் நிருபர்கள், போட்டித் தேர்வுக்காக மட்டுமன்றி உண்மையிலேயே அறிந்துகொள்ள விரும்பும் மாணவர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சென்னை மெட்ரோ இங்கே முதன்மை எடுத்துக்காட்டு. நெடுஞ்சாலையும் விமான நிலையமும் எங்கே வேறு பாதையில் பிரிகின்றனவோ, அங்கே மட்டும் அவை குறிப்பிடப்படும்.

முதற்படி: திட்டம் யாருடையது என்று உறுதிசெய்யுங்கள்

தேசிய நெடுஞ்சாலை என்றால் அது ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் திட்டம். பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் அதை நிறைவேற்றும். புதிய ரயில் பாதை ரயில்வே வாரியத்தைச் சேர்ந்தது. ரயில்வே திட்டங்களின் ஆண்டு ஒதுக்கீட்டைத் துறையினர் 'பிங்க் புக்' என்று அழைக்கும் புத்தகத்தில் பார்க்கலாம். அதில் ஒரு பாதையின் பெயர் இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடாமல் இருப்பதற்காகத் தமிழ்நாட்டின் சில புதிய பாதைகளுக்கு ஓர் ஆண்டுக்கு ரூ.1,000 மட்டும் ஒதுக்கப்பட்டதும் உண்டு. மாநில நெடுஞ்சாலை முழுக்க மாநிலத்தின் பொறுப்பு.

மெட்ரோ இவை எதிலும் முழுமையாக அடங்காது. மாநில அரசு முன்மொழிகிறது. ஒன்றிய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் பரிசீலிக்கிறது. இரு அரசுகளும் சமமாகப் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனம் கட்டி இயக்குகிறது. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவுசெய்யப்பட்டது. முதல் கட்டத்துக்கு ஏறத்தாழ ரூ.14,600 கோடி மதிப்பீட்டில் ஒன்றிய அரசு 2009 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. கோயம்பேடு – ஆலந்தூர் இடையே முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று ஓடியது.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஒரு மெட்ரோ திட்டம் 'ஒன்றியத் துறைத் திட்டமாக' இருக்கலாம், 'மாநிலத் துறைத் திட்டமாக' இருக்கலாம். கடனைத் திருப்பிச் செலுத்தும் சுமை எந்த அரசின் கணக்கில் ஏறுகிறது என்பதை இந்த வகைப்பாடுதான் முடிவு செய்கிறது. சென்னை இரண்டாம் கட்டத்தின் நான்கு ஆண்டுக் குழப்பத்துக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. நிதி பற்றிய படியில் அதற்குத் திரும்பி வருவோம்.

இரண்டாம் படி: விரிவான திட்ட அறிக்கைக்கு முந்தைய ஆவணங்களைத் தேடுங்கள்

செய்திகளில் அதிகம் அடிபடுவது 'டிபிஆர்' எனப்படும் விரிவான திட்ட அறிக்கை. வழித்தடம், நிலையங்கள், மண் பரிசோதனை, பயணிகள் கணிப்பு, செலவு, நிதி ஏற்பாடு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். ஆனால் அது கடைசி ஆவணம். அதற்கு முன்னால் மூன்று ஆவணங்கள் இருக்க வேண்டும்: நகரம் முழுவதற்குமான விரிவான போக்குவரத்துத் திட்டம், மாற்று வழிகளின் ஒப்பாய்வு, சாத்தியக்கூறு அறிக்கை. 2017 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற மெட்ரோ ரயில் கொள்கை, இவற்றில் முதலிரண்டையும் ஒன்றிய நிதியுதவிக்கு நிபந்தனையாக்கியது. நகரின் எல்லாப் போக்குவரத்தையும் ஒருங்கிணைக்கும் ஆணையம் வேண்டும், நிலையங்களைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை இணைப்புப் பேருந்து வசதிக்கு மாநிலம் உறுதியளிக்க வேண்டும், கட்டண வசூல் அல்லது பராமரிப்பு போன்ற ஏதேனும் ஒரு பகுதியிலாவது தனியார் பங்கேற்பு இருக்க வேண்டும் என்பவையும் அக்கொள்கையின் நிபந்தனைகளே. சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமமாகிய 'கும்டா'வுக்கான சட்டம் 2010-லேயே இயற்றப்பட்டது என்றாலும், அது பெயரளவிலிருந்து செயலளவுக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இம்மூன்றில் புதியவர்கள் தவறாமல் படிக்க வேண்டியது மாற்று வழிகளின் ஒப்பாய்வு. ஒரு வழித்தடத்தின் தேவையைத் தனிப் பேருந்துத் தடம், இலகு ரயில், மெட்ரோ என எதைக் கொண்டு நிறைவேற்றுவது மலிவு, எது எத்தனை பேரைச் சுமக்கும் என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய ஆவணம் அது. நடைமுறையில் பல நகரங்களில் 'மெட்ரோ வேண்டும்' என்ற முடிவு முதலில் பிறந்து, ஒப்பாய்வு அதற்குப் பின்னால் எழுதப்படுகிறது என்பது என் கணிப்பு. அப்படி எழுதப்பட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு: தள்ளப்பட்ட மாற்றுக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், அதன் செலவை எவ்வளவு கவனமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பேருந்துத் தடத்தை இரண்டே பத்திகளில் கழித்துக் கட்டியிருந்தால் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

இந்த ஆவணங்கள் வெறும் சடங்கு என்று நினைத்தவர்களுக்கு 2025 நவம்பரில் விடை கிடைத்தது. கோயம்புத்தூர், மதுரை மெட்ரோ முன்மொழிவுகளை ஒன்றிய அமைச்சகம் திருப்பி அனுப்பியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இரு நகரங்களிலும் 20 லட்சத்துக்குக் குறைவானவர்களே வசிக்கிறார்கள், பயணிகள் எண்ணிக்கைக் கணிப்பு நம்பும்படி இல்லை, சில நிலையங்களுக்கு வேண்டிய சாலை அகலம் இல்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்களுள் அடங்கும். மாநில அரசு இதைப் பாரபட்சம் என்று கண்டித்தது. 20 லட்சத்தை எட்டாத ஆக்ராவுக்கு 2019-லேயே ஒப்புதல் கிடைத்திருப்பதால் அந்த வாதத்தில் வலு இருக்கிறது. இதில் அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கோவை மாநகராட்சி எல்லைக்குள் 2011-இல் ஏறக்குறைய 15.8 லட்சம் பேர். ஆனால் அதே கணக்கெடுப்பில் கோவை நகரத் தொகுதி, அதாவது மாநகராட்சியும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும், என்று எடுத்தால் 21 லட்சத்துக்கு மேல். எண் ஒன்றுதான் மாறியது என்று தோன்றினாலும், மாறியது எல்லைக்கோடு. ஆகவே எந்தத் திட்ட அறிக்கையிலும் ஓர் எண்ணைக் கண்டால், அது எந்த எல்லைக்குள், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதைப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு வருவாய் விகிதங்களையும் பிரித்துப் படியுங்கள்

அறிக்கையின் மையம் இதுதான். பலர் தாண்டிச் செல்வதும் இதைத்தான். கொஞ்சம் பொறுமையோடு பார்த்தால் கணக்குத் தெரியாதவர்களும் இதைப் பின்தொடர முடியும்.

நிதிசார் வருவாய் விகிதம் என்பது மெட்ரோ நிறுவனத்தின் கல்லாப்பெட்டிக் கணக்கு. பயணச்சீட்டு, விளம்பரம், கடை வாடகை ஆகியவற்றால் வரும் பணம், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு திருப்பித் தருகிறது என்று அது சொல்கிறது. பொருளாதார வருவாய் விகிதம் சமூகம் முழுவதையும் ஒரே குடும்பமாகப் பாவிக்கிறது. பயணிகளுக்கு மிச்சமாகும் நேரம், எரிபொருள், வாகனத் தேய்மானம், குறையும் விபத்துகள், குறையும் புகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ரூபாயில் ஒரு மதிப்புப் போட்டு வரவில் சேர்க்கிறார்கள். செலவுப் பக்கத்தில் வரிகளைக் கழித்துவிடுகிறார்கள், ஏனெனில் அவை அரசின் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகும் பணம். 2017-க்கு முன்பு நிதிசார் விகிதம் 8 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அளவுகோல். புதிய கொள்கை அதை மாற்றிப் பொருளாதார விகிதம் 14 விழுக்காடு இருக்க வேண்டும் என்று வைத்தது. மெட்ரோ கட்டணத்தால் லாபம் ஈட்டாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் விளைவு இது. உலகெங்கும் பெரும்பாலான மெட்ரோக்கள் கட்டணத்தை மட்டும் கொண்டு கட்டுமானச் செலவை மீட்பதில்லை என்பதால் இந்த மாற்றம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: கல்லாப்பெட்டியில் விழும் பணத்தை எண்ணிப் பார்க்கலாம், மிச்சமான நிமிடங்களை அப்படி எண்ண முடியாது.

14 விழுக்காடு எவ்வளவு கடுமையான அளவுகோல் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. பத்து ஆண்டுகள் கழித்துக் கிடைக்கப்போகும் ரூ.100 கோடிப் பயனை ஆண்டுக்கு 14 விழுக்காடு வீதம் தள்ளிக் கொண்டுவந்தால் இன்றைய மதிப்பு சுமார் ரூ.27 கோடி. இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது என்றால் வெறும் ரூ.7 கோடி. ஆகவே மெட்ரோ நூறாண்டு நிற்கும் என்ற வாதம் இக்கணக்கில் பெரிய எடை பெறாது. முதல் பதினைந்து இருபது ஆண்டுகளில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கட்டுமானம் மூன்று ஆண்டுகள் தாமதமானால் செலவு கூடுவது ஒரு பக்கம். வரவேண்டிய பயன்கள் அனைத்தும் மூன்று ஆண்டுகள் பின்னுக்குப் போய்ச் சுருங்குவது மறு பக்கம். அளவுகோலே எல்லா இடத்திலும் ஒன்று அன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கி பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சப் பொருளாதார விகிதம் 9 விழுக்காடு. தில்லியில் தோற்கும் ஒரு திட்டம் மணிலாவில் தேறக்கூடும்.

இத்தனையும் பயணிகள் எண்ணிக்கைக் கணிப்பின் மேல்தான் நிற்கிறது. கணிப்புகள் பொதுவாக மேல்நோக்கியே சாய்கின்றன. நாட்டின் பல மெட்ரோக்களில் உண்மையான பயணிகள் எண்ணிக்கை கணித்ததைவிட மிகக் குறைவாக இருப்பதை நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் சுட்டிக்காட்டியது. எனவே அறிக்கையில் 'உணர்திறன் ஆய்வு' என்ற அட்டவணையைத் தேடிப் பிடியுங்கள். செலவு 20 விழுக்காடு கூடினால், பயணிகள் 20 விழுக்காடு குறைந்தால், இரண்டும் ஒருசேர நிகழ்ந்தால் விகிதம் என்ன ஆகும் என்று அங்கே காட்டியிருப்பார்கள். அடிப்படை விகிதம் 14-ஐச் சற்றே தாண்டி நின்று, சிறு அசைவிலேயே கீழே விழுமானால், அந்த எண் எவ்வளவு நெருக்கடியில் பிறந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: மாநில அமைச்சரவையும் அரசாணையும்

இதை விரைவாகவே கடக்கலாம். மாநில அமைச்சரவை அறிக்கையை ஏற்று, துறை அரசாணை வெளியிட்டு, ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கிறது. அரசாணையில் 'கொள்கை அளவில் ஒப்புதல்' என்றும் 'நிர்வாக ஒப்புதல்' என்றும் இருவகைச் சொற்கள் வரும். முன்னது விருப்பத்தைத் தெரிவிக்கிறது. பின்னது குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்ய அதிகாரம் தருகிறது. சட்டமன்றத்தில் 'இந்நகருக்கு மெட்ரோ கொண்டுவரப்படும்' என்று வரும் அறிவிப்பு இவ்விரண்டுக்கும் முந்தையது. அதற்கு நிதி மதிப்பு எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: தில்லியில் கோப்பு ஏறும் படிக்கட்டுகள்

ஒன்றிய நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் அறிக்கையைப் பெற்றதும் நிதி ஆயோக், செலவினத் துறை, பொருளாதார விவகாரங்கள் துறை, ரயில்வே முதலிய அமைப்புகளுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். வரும் கேள்விகளுக்கு மாநிலம் பதில் எழுத வேண்டும். பதிலைப் படித்துவிட்டு அவர்கள் மீண்டும் கேட்பார்கள். 'ஒன்றிய அரசு கிடப்பில் போட்டுவிட்டது' என்று ஒரு தரப்பும் 'மாநில அரசு விளக்கம் தரவில்லை' என்று மறு தரப்பும் ஒரே நேரத்தில் சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். 2021 அக்டோபரில் பிரதமரின் கதிசக்தி திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, பெரிய உள்கட்டமைப்புத் திட்டங்களின் வழித்தடத்தை மற்றத் துறைகளின் வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வலையமைப்புத் திட்டக் குழுவும் இவ்வரிசையில் சேர்ந்துகொண்டது.

அடுத்தது பொது முதலீட்டு வாரியம். பெயரைக் கண்டு தனி அலுவலகம் என்று எண்ண வேண்டாம். செலவினத் துறைச் செயலாளர் தலைமையில் கூடும் அதிகாரிகள் குழு அது. 2016-இல் வகுக்கப்பட்ட நடைமுறைப்படி ரூ.500 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்கள் இவ்வாரியத்தின் முன் வர வேண்டும். அதன் பரிந்துரைக்குப் பிறகு ரூ.500 கோடி முதல் ரூ.1,000 கோடி வரையிலானவற்றுக்குத் துறை அமைச்சரும் நிதி அமைச்சரும் சேர்ந்து ஒப்புதல் தரலாம், ரூ.1,000 கோடியும் அதற்கு மேலும் என்றால் அமைச்சரவைக்குப் போக வேண்டும். தனியார் பங்கேற்போடு கட்டும் நெடுஞ்சாலை, துறைமுகம் போன்றவை இவ்வாரியத்துக்குப் பதிலாகப் பொது – தனியார் பங்கேற்பு மதிப்பீட்டுக் குழுவுக்குச் செல்லும்.

வாரியத்தின் பரிந்துரை அமைச்சரவையைக் கட்டுப்படுத்தாது, அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. சென்னை இரண்டாம் கட்டத்தைப் பொது முதலீட்டு வாரியம் பரிந்துரைத்தது 2021 ஆகஸ்டில். அமைச்சரவை முடிவு வர அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தொழில்நுட்ப ஆய்வு முடிந்த பிறகு எஞ்சியிருப்பது நிதி நிலைமையும் அரசியலுமே என்பதை இந்த இடைவெளி தெளிவாகக் காட்டுகிறது. எனவே 'வாரியம் பரிந்துரைத்தது' என்ற செய்தியைப் படித்துவிட்டு நிலைய வாசலில் மனை வாங்க ஓடுபவர்களுக்குக் கொஞ்சம் நிதானம் தேவை.

ஆறாம் படி: பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள்

இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு ரூ.63,246 கோடி, நீளம் 118.9 கிலோமீட்டர். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை என மூன்று வழித்தடங்கள். சராசரியாகக் கிலோமீட்டருக்கு ரூ.530 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய தொகையை எந்த மாநிலமும் வரி வருவாயிலிருந்து கட்ட முடியாது. ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகிய நான்கு அமைப்புகளிடம் கடனுக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. ஜைக்காவுடன் முதல் கடன் ஒப்பந்தம் 2018 டிசம்பரிலேயே கையெழுத்தானது.

வெளிநாட்டுக் கடனை மாநிலம் நேரே போய் வாங்க முடியாது. ஒன்றிய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரங்கள் துறை அதை ஏற்று, கடன் தருபவரோடு பேசி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஆகையால் அமைச்சரவை ஒப்புதல் இல்லாதபோதும் ஒன்றிய அரசின் கை இத்திட்டத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது மாநிலத் துறைத் திட்டமாகவே நடந்தது: செலவில் சுமார் 90 விழுக்காட்டுப் பொறுப்பு தமிழ்நாட்டின் தலையில் இருந்தது; வாங்கிய கடன் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் கணக்கிடப்பட்டது. நான்கு ஆண்டுகள் வேலை நடந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

2024 அக்டோபரில் மாறியது இந்தக் கணக்கு. ஒன்றியத் துறைத் திட்டமான பிறகு, தேவையான கடன் ரூ.33,593 கோடியை ஒன்றிய அரசு தன் பொறுப்பில் பெற்று மெட்ரோ நிறுவனத்துக்கு வழங்கும் என்றும், பங்கு மூலதனமாகவும் சார்நிலைக் கடனாகவும் (மற்றக் கடன்களைத் தீர்த்த பிறகு திருப்பித் தரும் கடன்) ரூ.7,425 கோடி தரும் என்றும் அறிவிக்கப்பட்டது. மொத்தத்தில் இது ஏறத்தாழ 65 விழுக்காடு. இந்த விழுக்காட்டை வைத்து '65 விழுக்காட்டை ஒன்றிய அரசு இலவசமாகக் கொடுத்துவிட்டது' என்று எழுதுவது தவறு. பெரும்பகுதி கடன், அதைத் திருப்பிச் செலுத்த வேண்டியது மெட்ரோ நிறுவனம், நிறுவனத்தால் முடியாவிட்டால் கைகொடுக்க வேண்டியது மாநில அரசு. அதே சமயம் 'ஒன்றும் மாறவில்லை' என்று சொல்வதும் தவறு. ரூ.33,593 கோடி மாநிலத்தின் கடன் வரம்பிலிருந்து வெளியேறியதால் அந்த அளவுக்கு மற்றத் திட்டங்களுக்கு மாநிலம் கடன் வாங்க இடம் கிடைத்தது. எந்த நிதி அறிவிப்பையும் படிக்கும்போது மானியம், பங்கு, கடன், உத்தரவாதம் ஆகிய நான்கு தலைப்புகளில் தொகையைப் பிரித்து எழுதிப் பார்த்தால் இவ்வகைச் சண்டைகள் பாதி அடங்கிவிடும்.

ஏழாம் படி: நிலமும் சூழலும்

இங்கே விதிகள் திட்டத்தின் வகைக்கேற்ப மாறுகின்றன. 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் நெடுஞ்சாலை, விமான நிலையம், துறைமுகம் எல்லாம் உண்டு. ரயிலும் மெட்ரோவும் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. ஆனாலும் மெட்ரோவுக்குக் கடன் தரும் வளர்ச்சி வங்கிகள் தம் சொந்த விதிகளின்படி சூழல், சமூகத் தாக்க அறிக்கைகளைக் கேட்டு வாங்கி வெளியிடுகின்றன. உள்நாட்டுச் சட்டம் கேட்காததைக் கடன்காரர் கேட்பது விந்தைதான்.

அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவைப்படும் திட்டமென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ கூட்டத்துக்குத் தலைமை வகிப்பார். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவதோடு எழுத்திலும் கொடுங்கள். நிபுணர் மதிப்பீட்டுக் குழு பின்னர் படிப்பது கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் அதனோடு இணைத்த மனுக்களையும்தான்.

நிலம் எடுக்க 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமே எங்கும் பொருந்தும் என்று பலரும் நம்புகிறார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் தனியாக உண்டு. அதில் 3ஏ பிரிவின் அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இந்த 21 நாட்களைத் தவறவிட்டவர்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் அலைகிறார்கள். தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலைகளுக்கும் தொழில் நோக்கங்களுக்கும் மாநிலச் சட்டங்கள் வேறு இருக்கின்றன. எனவே நோட்டீஸ் கையில் கிடைத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்பதுதான். இழப்பீட்டுத் தொகை அடுத்த கேள்வி.

நிலமும் சூழலும் எந்த வரிசையில் வர வேண்டும் என்ற கேள்விக்குச் சென்னை – சேலம் எட்டுவழிச் சாலை வழக்கு விடை தந்தது. சூழல் அனுமதி பெறாமல் வெளியிடப்பட்ட நில அறிவிக்கைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8 அன்று, நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பே சூழல் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குமுன் இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது முடிந்த முடிவு. ஆனால் சூழல் அனுமதி கிடைக்குமா என்று தெரியாத சாலைக்காக ஓர் உழவரின் கிணறும் தென்னையும் முதலில் நில அறிவிக்கைக்குள் வந்துவிடலாம் என்பது இதன் நடைமுறைப் பொருள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விமான நிலையத்துக்கு 2008-ஆம் ஆண்டின் பசுமைவெளி விமான நிலையக் கொள்கை இரண்டு தனிப் படிகளை வைக்கிறது: முதலில் இட அனுமதி, பிறகு கொள்கை அளவிலான ஒப்புதல். பரந்தூர் பற்றிய செய்திகளில் இவ்விரண்டும் சூழல் அனுமதியும் ஒன்றோடொன்று கலந்து எழுதப்படுவதைக் காணலாம், மூன்றும் வெவ்வேறு.

எட்டாம் படி: ஒப்புதலுக்குப் பிறகும் கோப்பு மூடப்படுவதில்லை

சென்னைத் துறைமுகம் – மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கிலோமீட்டர், ஏறத்தாழ ரூ.1,800 கோடி. கூவம் ஆற்றுக்குள் தூண்கள் இறங்குகின்றன, அவை நீரோட்டத்தைத் தடுக்கும் என்று சொல்லி 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. வழக்கில் நெடுஞ்சாலை ஆணையம் வென்றது, வேலை தொடங்கவில்லை. ஈரடுக்குச் சாலையாக மறுபடி வடிவமைக்கப்பட்டு, ரூ.5,850 கோடி மதிப்பில் 2022 மே மாதம் இரண்டாம் முறை அடிக்கல் நாட்டப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கூவத்துக்குள் மொட்டையாக நின்ற தூண்களைச் சென்னைவாசிகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். எல்லா ஒப்புதல்களும் கையில் இருந்தபோதும் நீர்நிலைக்குப் பொறுப்பான துறை உடன்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

செலவு அனுமதித்த அளவைத் தாண்டிக் கணிசமாகக் கூடும்போது திருத்திய மதிப்பீடு தயாரித்து மீண்டும் மேலிடத்துக்குச் செல்ல வேண்டும். நிலத்தின் விலை, அந்நியச் செலாவணி மாற்றம், வேலைப் பரப்பின் மாற்றம் எனக் கூடுதலுக்கான காரணங்கள் அதில் தனித்தனியே காட்டப்படும் என்பதால், மூல அறிக்கையைவிட இந்தத் திருத்திய மதிப்பீடுதான் அதிகம் உண்மை பேசும் ஆவணம். மெட்ரோ கட்டி முடிந்த பின் ரயில் பெட்டிகளுக்கு ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பின் தொழில்நுட்ப ஒப்புதலும், பாதைக்கு மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வும் வேண்டும். ஆணையர் சான்றளிக்காமல் பயணிகளை ஏற்ற முடியாது. திறப்பு விழாத் தேதி தள்ளிப்போகும்போது 'ஆணையர் சில குறைகளைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார்' என்று காரணம் வந்தால், தாமதத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

ஆவணங்களை எங்கே தேடுவது

அரசாணைகள் மாநில அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். சூழல் அனுமதி விண்ணப்பங்களும் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளும் ஒன்றிய சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' தளத்தில் இருக்கும். மெட்ரோ பற்றிய விரிவான மீள்குடியேற்ற அறிக்கைகள், எந்தத் தெருவில் எத்தனை கடைகள் பாதிக்கப்படும் என்ற அளவுக்கு, கடன் தரும் வங்கிகளின் தளங்களில் கிடைப்பதுண்டு. உள்ளூர் அலுவலகத்தில் 'அப்படி ஒரு அறிக்கையே இல்லை' என்று சொல்லப்பட்டால் அங்கே தேடிப் பாருங்கள். கோப்பு தில்லியில் எந்த மேசையில் இருக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த மூலம் மக்களவை, மாநிலங்களவைக் கேள்விகளுக்கு அமைச்சர்கள் எழுத்தில் தரும் பதில்கள்; நாட்கள் அதில் குறிப்பிடப்பட்டிருக்கும்.

எதுவும் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் ரூ.10, பதிலுக்கு 30 நாட்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. அமைச்சரவைக் குறிப்புகளை முடிவு எடுக்கப்படும் வரை தர மறுக்க அச்சட்டத்தின் 8(1)(ஐ) பிரிவு இடமளிக்கிறது. எனவே நிலுவையிலுள்ள திட்டத்தைப் பற்றி 'அமைச்சரவைக் குறிப்பின் நகல் தருக' என்று கேட்டு ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். விரிவான திட்ட அறிக்கை எந்தத் தேதியில் எந்த அமைச்சகத்தில் பெறப்பட்டது, எந்தெந்தத் துறைகளிடம் எப்போது கருத்துக் கேட்கப்பட்டது, எவை எப்போது பதிலளித்தன, கடைசிக் கடிதம் யார் யாருக்கு எழுதியது என்று நான்கு தேதிக் கேள்விகளாகக் கேளுங்கள். பதிலாக வரும் தேதிகளை வரிசையாக எழுதினால் கோப்பு எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.